கைக்கு முழு ஓய்வு என்ற வரி

முப்பத்து நான்கு ஆண்டுகள் எமது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவை இமைபோல் காத்து, இன்று எம்மிடம் விடைபெறும் திருமதி பேர்ணடெற் மரியதாஸ் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்த உள்ளங்கள் ஒன்றுகூடி உவந்தளிக்கும் மடல்.

கொட்டாஞ்சேனை எமக்களித்த குன்றாத கொடையே! துவண்ட தோளுக்குத் துணையாய் நின்ற தூய உள்ளமே! நோவென்று நுழைந்தவரை "நிமிருங்க முதல்ல" என்ற ஒரே சொல்லால் நிமிர்த்திய நேரிய நெஞ்சே! கண்டிப்பில் கருங்கல்லாய், கனிவில் கற்கண்டாய், காலம் தவறாமையில் எங்கள் சுவர்க் கடிகாரத்தையே வெட்கப்படுத்திய கடமை வீராங்கனையே! வணக்கம்.

மரபுப்படி மேலே முதல் வரியிலேயே ஒரு சொல் வந்திருக்க வேண்டும். அறுபது வயதில் வேலை முடித்துப் போகும் எவருக்கும் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். இம்மடலை யாத்த பதிவேட்டுப் பிரிவு இராஜநாயகமும் அதைத்தான் போட்டார். அதற்கு எதுகையாக ஆய்வு, தோய்வு, சாய்வு என்று மூன்று சொற்களையும் தேடிப் பிடித்து வைத்திருந்தார். தட்டச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, எமது தமிழ் லிகிதர் சரோஜினிதேவி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அந்தச் சொல்லை மட்டும் மிஸ்ஸுக்கு நான் அடிக்க மாட்டன் ஐயா. வேற என்ன வேணுமெண்டாலும் எழுதுங்கோ."

இரண்டு நாள் உழைப்பு வீணாய்ப் போனதில் இராஜநாயகத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஏன் என்று கேட்டார். சரோஜினிதேவி கதவைச் சாத்திவிட்டு, ஒன்றரை மணித்தியாலம் இருந்து சொன்னார். கேட்டு முடித்ததும் இராஜநாயகம் தம் முதற்படியைத் தாமே கிழித்துப் போட்டார். அவர் கேட்டதை இச்சபையும் கேட்கட்டும் என்று இங்கே எழுதுகிறோம். ஒளித்து எழுதவில்லை, அம்மையீர். போன கிழமை சாப்பாட்டு நேரத்தில் சரோஜினிதேவி உங்களிடம் வந்து "மிஸ், தாள் விஷயத்தை எழுதட்டோ?" என்று கேட்டதும், "என்ட பிழையையும் சேர்த்து எழுதுறதெண்டா எழுதுங்க" என்று நீங்கள் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனாலும் குணம் பாடாமல் மடல் ஏது? கொஞ்சம் பாடிவிட்டே போகிறோம். காலை ஏழரைக்கு உங்கள் அறைக் கதவு திறக்காத நாளை நாம் கண்டதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கென்று செவ்வாயும் வெள்ளியும் ஒதுக்கி, அந்த நாட்களில் அமைச்சரே வந்தாலும் வாசலில் நிற்க வைப்பேன் என்று நீங்கள் சொன்னதை நாம் நம்புகிறோம், அமைச்சர் யாரும் வந்து பார்க்காவிட்டாலும். உங்கள் அறையின் கிழக்குச் சுவர் முழுக்கப் பென்சில் கோடுகள். விரல்களைச் சுவரில் ஏறவிட்டு, எட்டிய இடத்தில் கோடு கீறி, திகதியும் பெயரின் முதலெழுத்தும் போட்டு வைத்த கோடுகள். மூன்று முறை பெயின்ற் அடிக்க ஆட்கள் வந்தார்கள். மூன்று முறையும் அந்தச் சுவருக்கு முன்னால் கதிரை போட்டு நீங்கள் உட்கார்ந்துகொண்டீர்கள். மற்ற மூன்று சுவர்களும் பால்வெள்ளையாக, அது மட்டும் பழுப்பாகவே இன்றும் நிற்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

சத்திரசிகிச்சை முடிந்து வீடு போகும் பெண்களிடம் கொடுத்துவிட நீங்கள் ஒரு தாள் வைத்திருந்தீர்கள். கையை எப்படி மடக்குவது, தோளை எப்படிச் சுழற்றுவது, எத்தனை நாளில் எவ்வளவு உயர்த்துவது என்று எட்டுச் சிறு படங்கள். தலைப்பில் தடித்த எழுத்தில் சிங்களத்தில் ஒரு வரி: "வியாயாம அத்தர விவேக்க கன்ன." அப்பியாசங்களுக்கு இடையிடையே ஓய்வெடுங்கள் என்று பொருள். மூன்று ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், தமிழ்ப் பெண்களுக்கும் தமிழில் ஒரு தாள் வேண்டும் என்று நீங்களே கேட்டு, அதை மொழிபெயர்க்கச் சரோஜினிதேவியிடம் கொடுத்தீர்கள்.

சரோஜினிதேவி யாழ்ப்பாணத்தில் படித்து, முப்பது வயதில் வெள்ளவத்தைக்கு வந்தவர். சிங்களம் கடையில் "கீயத மல்லி" என்று விலை கேட்குமளவுக்கு வரும். மொழிப் பரீட்சையில் அரும்பொட்டில் தப்பியவர். வேலை செய்யும் கந்தோரில் அதைச் சொல்ல வெட்கம். கையில் இருந்ததோ நாலாம் முறை போட்டோக்கொப்பி எடுத்து மங்கிப்போன தாள். 'அத்தர' என்றால் இடையிடையே. 'அத்தட்ட' என்றால் கைக்கு. சிங்களத்தில் எழுதும்போது ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், அந்த எழுத்தும் பாதி அழிந்திருந்தது. கைநோவுத் தாளில் கை என்றுதானே வரும்? சரோஜினிதேவி எழுதினார்: "கைக்கு முழு ஓய்வு கொடுக்கவும்." 'முழு' என்பது மூலத்தில் எந்த எழுத்திலும் இல்லை. வசனம் நிறைவாக இருக்கட்டும் என்று அவரே சேர்த்தது.

அதை உங்களிடம் கொண்டுவந்தார். நீங்கள் மேலிருந்து கீழ்வரை பார்த்து, தலையாட்டி, கையொப்பம் வைத்தீர்கள். அச்சாகிப் போயிற்று.

தாள் கையில் கிடைத்த பெண்கள் தடித்த வரியைத்தான் வாசித்தார்கள். படங்களில் உள்ளவை புண் ஆறின பிறகு செய்ய வேண்டியவை என்று விளங்கிக்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதைத்தான் கேட்க விரும்பினார்கள். மார்பை வெட்டி எடுத்த மனிசி, கையை அசைக்காமல் படுத்திருக்கட்டும் என்றுதானே பெற்றவர்களும் கட்டியவரும் நினைப்பார்கள்? அந்த ஆண்டு உங்களுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. சிங்களத் தாள் கொண்டுபோனவர்கள் மாதம் முடிய வந்து தலைக்கு மேல் கை தூக்கிக் காட்டினார்கள். தமிழ்ப் பெண்கள் கையை மார்போடு அணைத்தபடி வந்தார்கள். "எங்கட ஆக்களுக்குச் சரியான பயம், சரியான சோம்பல்" என்று நீங்கள் அவர்களைக் கண்டித்தீர்கள். அவர்களும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆவணியில் ஒரு ஞாயிறு காலை, குளிக்கும்போது, சரோஜினிதேவியின் வலது மார்பில் கடலை அளவில் ஒன்று விரலில் பட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் சிவபாதசுந்தரத்திடம் மட்டும் நாலாம் நாள் சொன்னார். வெள்ளவத்தையில் கணித டியூஷன் கொடுக்கும் அவர் அன்று மூன்று வகுப்புகளையும் நிறுத்திவிட்டு, நாற்காலியிலேயே இருந்தார். எங்கள் வைத்தியசாலைக்கு வர சரோஜினிதேவிக்குப் பயம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கே வந்துவிட்டதாம் என்று நாங்கள் கதைப்போமாம். (கதைத்திருப்போம். இப்போது வெட்கப்படுகிறோம்.) குடும்ப அலுவல் என்று லீவு எழுதிவிட்டு வேறிடத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். மார்பையும், அக்குளில் இருந்து சில நிணநீர்க் கட்டிகளையும் எடுத்தார்கள். ஊசி மருந்து தேவையில்லை, ஏழு கிழமை கழித்துக் கதிர்ச் சிகிச்சை, பிறகு மாத்திரை என்றார்கள்.

வீட்டுக்குப் போகும்போது கைப்பையில் ஒரு தாள் இருந்தது. தன் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அவரே எடுத்துப் போயிருந்தார். அந்த வரியைத் தானே எழுதியது என்பது மறந்து போயிற்று. அச்சில் வந்துவிட்டது, கீழே மிஸ்ஸின் கையொப்பம் இருக்கிறது, இனி அது சட்டம். சிவபாதசுந்தரம் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். சரோஜினிதேவி தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கப் போனாலும் ஓடிவந்து, "தாளில என்ன போட்டிருக்கு? முழு ஓய்வு!" என்று பறித்துக்கொள்வார். தலை சீவிவிட்டார். சட்டையை மாட்டிவிட்டார். பழைய நூல்சேலையைக் கிழித்துத் தூளி கட்டி, அந்தக் கையை அதில் இட்டு வைத்தார்.

ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள், அப்படியே போயிற்று. பகலில் கை கனத்தது. பிறகு தோள் விறைத்தது. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கம்பி போல ஒன்று இழுபட்டது. அது என்னவென்று கேட்க அவருக்குப் பயம். அது அறுந்தால் உள்ளே இருப்பது உடம்பெல்லாம் சிந்திவிடும் என்று ஒரு நினைப்பு. அசைந்தால் பரவிவிடும் என்று பக்கத்து ஃப்ளாட்காரி வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். படுக்கையில் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டார்.

கதிர்ச் சிகிச்சைக்கு அளவெடுக்கப் போன அன்று, குளிரான மேசையில் படுக்கச் சொன்னார்கள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, அங்கிருந்த தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். கை நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் என்றார்கள். வரவில்லை. அங்கிருந்த பெண் பிடித்து மெல்ல உயர்த்தப் பார்த்தார். சரோஜினிதேவி போட்ட சத்தத்தில் வெளியே இருந்த சிவபாதசுந்தரம் கதவைத் தட்டினார்.

"கை மேல போகாட்டி கதிர் விட ஏலாது அம்மா. கை அதுக்குக் குறுக்க நிக்கும். பிசியோவுக்குப் போங்க. மூண்டு கிழமையில திரும்ப வாங்க. அதுக்கு மேல பிந்தக் கூடாது."

மூன்று கிழமை. மிச்சமிருக்கும் ஏதாவது ஒன்று அந்த மூன்று கிழமைக்குள் வளர்ந்துவிட்டால்? அன்று பஸ்ஸில் திரும்பும்போது காலி வீதி முழுக்க அவர் நினைத்தது அது ஒன்றைத்தான். நோயைவிடக் கை பெரிய சத்துருவாகிப் போயிற்று என்று அவர் இராஜநாயகத்திடம் சொன்னார்.

அம்மையீர், மறுநாள் செவ்வாய். காலை ஏழரைக்கு நீங்கள் கதவைத் திறந்தபோது வாசலில் சரோஜினிதேவி தூளியோடு நின்றார். லீவில் இருந்த லிகிதர் ஏன் இந்தக் கோலத்தில் நிற்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை. பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"உள்ள வாங்க மகள். எத்தின கிழமை?"

"ஏழு மிஸ்."

"ஏழா! ஒண்டும் செய்யல்லையா? ஒரு தாள் குடுத்திருப்பாங்களே?"

"தாளில இருந்தபடிதான் மிஸ் செய்தனான். கையை அசைக்கவே இல்லை."

"எந்தத் தாள்?"

சரோஜினிதேவி இடது கையால் அதை எடுத்து நீட்டினார். நீங்கள் வாங்கினீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் எவரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னீர்கள்.

"எனக்குத் தமிழ் வாசிக்க வராது மகள். நான் படிச்சது சிங்களத்தில. கதைக்கிறது மட்டுந்தான் தமிழ். நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

சரோஜினிதேவி வாசித்தார். தான் எழுதியதைத் தன் வாயால், உரத்து. "கைக்கு முழு ஓய்வு கொடுக்கவும்."

"என்ன? எங்க அப்பிடிப் போட்டிருக்கு?"

நீங்கள் அலுமாரியைத் திறந்து சிங்களத் தாளின் முதற்பிரதியை எடுத்தீர்கள். மங்காத பிரதி. விரல் வைத்து வாசித்தீர்கள். அத்தர. சரோஜினிதேவி எட்டிப் பார்த்தார். 'அத்தட்ட' இல்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் மிஸ் எழுதினனான். எனக்குச் சிங்களம் வடிவா வராது. சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"நான்தான் சைன் வச்சன்" என்றீர்கள். "எனக்கும் அதே வெக்கந்தான்."

இரண்டு பேரும் அழுதீர்களாம். எங்கள் அம்மையார் அழுதார் என்பதை இராஜநாயகம் முதலில் நம்பவில்லை. சரோஜினிதேவி அடித்துச் சொன்னபின் எழுதுகிறோம். அழுகை ஐந்து நிமிடந்தான். பிறகு நீங்கள் மூக்கைச் சிந்திவிட்டு, "சரி, தூளிய அவிழுங்க. மூண்டு கிழமை இருக்கு" என்றீர்கள்.

அந்த மூன்று கிழமையும் சரோஜினிதேவி பயத்தை உடுத்திக்கொண்டுதான் வந்தார். முதல் நாள் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கையிலும் கூட்டுகிற தும்புத்தடியைக் கொடுத்து, நல்ல கையால் நோகும் கையை உயர்த்தச் சொன்னீர்கள். தடி நெஞ்சைத் தாண்டும் முன்னமே அக்குள் கம்பி இழுத்தது. "அறுகுது மிஸ், அறுகுது!" என்று கத்தினார். அது நிணநீர்க் குழாய் இறுகினது, பயிற்சியில் மெல்ல இளகும், ஆபத்தில்லை என்று நீங்கள் தோளில் கை வைத்துச் சொன்னீர்கள்.

"அசைச்சா பரவிடும் எண்டு சொல்லுகினம் மிஸ்."

"புத்துநோய் என்ன மாங்காயா, உலுக்கினா விழ? உயர்த்துங்க."

சிரிப்பு வந்ததாம். அழுதபடி சிரித்தாராம். அந்த இடைவெளியில் தடி இரண்டு அங்குலம் கூட உயர்ந்தது.

பிறகு சுவர். விரல்களைச் சிலந்தி போல ஏறவிட்டு, எட்டிய இடத்தில் நிறுத்தி, ஐந்து வரை எண்ணி, இறக்கி, இடையிடையே ஓய்வு. அந்தச் சொல்லை நீங்கள் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொன்னீர்கள். "இடையிடையே!" முதற்கோடு அவருடைய நாடிக்குக் கீழே. ச.தே. என்று எழுதித் திகதி போட்டீர்கள். ஒவ்வொரு காலையும், போடும் கோடு நேற்றையதற்குக் கீழே போய்விடுமோ என்று அவருக்குப் பயம். இரண்டு நாள் அப்படிப் போகவும் செய்தது. அந்த நாட்களில் நீங்கள் அதையும் கீறித் திகதி போட்டீர்கள்.

கையோடு நீங்கள் நிறுத்தவில்லை. நடக்கச் சொன்னீர்கள். விடியற்காலை மரைன் டிரைவில், ரயில் பாதையையும் அதற்கப்பால் கடலையும் ஒரு பக்கம் வைத்து, முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு அரை மணித்தியாலம். சிகிச்சைக் களைப்புக்குப் படுக்கை மருந்தில்லை, நடைதான் மருந்து என்றீர்கள். நடந்தவருக்கு நித்திரை வரும், மாத்திரை எலும்பை மெலிய வைக்கும்போது நடையும் சிறு பாரமும் எலும்பைத் தாங்கும் என்றீர்கள். பாரம் தூக்கினால் கை வீங்கும் என்று ஊரே சொல்ல, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுத்து, மெல்ல மெல்லக் கூட்டினால் வீங்காது, வீங்கினால் உடனே என்னிடம் வாங்க என்றீர்கள். சிவபாதசுந்தரம் பதறிப்போய்ப் பின்னால் வந்தார். மூன்றாம் நாள் அவரையும் வேகமாக நடக்கச் சொல்லித் துரத்திவிட்டீர்கள். டியூஷன் மாஸ்ரருக்குத் தொப்பை குறைந்ததற்கும் எங்கள் நன்றி உங்களுக்கே.

ஒரு நாள் சரோஜினிதேவி நின்றுகொண்டே கேட்டார்.

"இதெல்லாம் செய்தா திரும்ப வராதோ மிஸ்?"

பொய் சொல்வீர்களோ என்று அவருக்குப் பயம், உண்மை சொல்வீர்களோ என்று அதைவிடப் பயம்.

"வராது எண்டு நான் சொல்ல மாட்டன் மகள். அசையிற ஆக்களுக்கு நல்லது எண்டு நிறையப் பேர் ஆராய்ஞ்சு சொல்லியிருக்காங்க. ஆனா உங்களுக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. வந்தாலும் வராட்டியும் தலைய நீங்களே சீவுவீங்க. அது எனக்குத் தெரியும்."

இதற்கிடையில் நீங்கள் இன்னொன்றும் செய்தீர்கள். தமிழ்த் தாள் எத்தனை பேர் கைக்குப் போனது என்று இராஜநாயகத்திடம் கேட்டு வாங்கினீர்கள். சரோஜினிதேவியைத் தவிர இருபத்து மூன்று பேர். பதினான்கு பேர் பிந்தியென்றாலும் உங்களிடம் வந்திருந்தார்கள். ஒன்பது பேர் வரவேயில்லை. ரெலிபோனைச் சரோஜினிதேவிக்கு முன்னால் வைத்தீர்கள்.

"நான் பக்கத்தில இருக்கிறன். எடுங்க."

சுவரை விட அந்த ரெலிபோனுக்குத்தான் தான் அதிகம் பயந்ததாக அவர் சொன்னார். நாலாவது அழைப்பில் கொலன்னாவையிலிருந்து இராமலெட்சுமி என்ற பெண் எடுத்தார்.

"நீங்க குடுத்த தாளத்தாம்மா சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன். அதுல சொன்ன மாதிரியே கைய ஆட்டவே இல்லீங்க. மகதான் எல்லாம் செய்யுது. சரியாத்தானே செஞ்சிருக்கேன்?"

"நீங்கள் சரியாத்தான் செய்தனீங்கள் அம்மா" என்றார் சரோஜினிதேவி. "தாள்தான் பிழை. எழுதினது நான்தான். தயவு செய்து வாங்கோ."

எட்டாவது வீட்டில் ஒரு மகன் எடுத்தான். அம்மா போய் இரண்டு மாதம் என்றான். சரோஜினிதேவி ரெலிபோனை வைத்துவிட்டு, அதைத் தன்னைவிட்டுத் தள்ளி வைத்தார்.

"கை அசைக்காததால யாரும் சாகல்ல மகள். அப்பிடி நினைக்க வேணாம்" என்றீர்கள் நீங்கள். பிறகு, "ஆனா கடைசி மாசத்தில அவ தலை சீவினாவா எண்டு நமக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, ஒன்பதாவது எண்ணை நீங்களே அழுத்தினீர்கள். அது பாவனையில் இல்லை. இன்றுவரை அந்தப் பெண் எங்கே என்று தெரியாது. அவர் பெயர் இன்னும் உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அந்தச் செவ்வாயே இராமலெட்சுமி வந்தார். இன்று இரண்டாம் வரிசையில், மகளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய கை காதளவுக்குத்தான் போகும். அதற்கு மேல் போகவில்லை. நாம் இழந்ததை மறைத்துப் புகழ்பாட நீங்கள் விடமாட்டீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறோம்.

இருபத்தோராம் நாள் சரோஜினிதேவி மீண்டும் அந்தக் குளிர் மேசையில் படுத்தார். நீங்கள் காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அரை நாள் லீவு போட்டு அவரோடு போயிருந்தீர்கள், வெளியே சிவபாதசுந்தரத்துக்குப் பக்கத்தில் இருந்தீர்கள். கையை உயர்த்தச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் ஏறுவதாக நினைத்து உயர்த்தினார். தாங்கியில் போய் இருந்தது. அசையாமல் இருங்கள் என்றார்கள். அந்த ஒரு முறைதான் அசையாமல் இருக்கச் சொன்னதில் தனக்குச் சந்தோஷம் என்று அவர் சொன்னார்.

அதன் பிறகு உங்கள் அறையில் சாப்பாட்டு நேரங்களில் இரண்டு பேரும் என்ன செய்கிறீர்கள் என்று நாங்கள் பல கதை கட்டினோம். எங்களோடு வேலை செய்யும் பௌஸி மிஸ் ஒருநாள் எட்டிப் பார்த்து வந்து சொன்னார்: ஒருவர் மற்றவருக்கு எழுத்துப் பழக்குகிறார்கள். நீங்கள் சிங்களம் சொல்லிக் கொடுக்க, சரோஜினிதேவி தமிழ் சொல்லிக் கொடுக்க, இரண்டு பேரும் பாலர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினீர்களாம். அறுபதை நெருங்கும் வயதில் அகரம் எழுதிய அன்னையே! இதைவிடப் பெரிய பட்டம் எதை உங்களுக்கு நாம் சூட்டுவது?

இப்போது உள்ள நிலையையும் சொல்லிவிடுகிறோம். சரோஜினிதேவியின் ஆண்டுப் பரிசோதனை போன புதன் நடந்தது. ஏதோ ஒன்றைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று இரண்டாம் முறையும் படம் எடுத்தார்கள். முடிவு திங்கட்கிழமை. நீங்கள் வராத முதல் நாளும் அந்தத் திங்கட்கிழமைதான். இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது அவர் விரல்கள் நடுவில் நின்றுவிட்டன. இராஜநாயகம், வேண்டாம், மிச்சத்தை நான் கையால் எழுதுகிறேன் என்றார்.

"பயமாத்தான் கிடக்கு ஐயா. ஆனா விடிய நடந்திட்டுத்தான் வந்தனான். தாங்கோ, அடிக்கிறன்."

எங்களுக்கும் பயந்தான், அம்மையீர். திங்கள் காலை ஏழரைக்கு அந்தக் கதவை யார் திறப்பது? தூளியோடு ஒரு பெண் வாசலில் நின்றால் யார் அவிழ்ப்பது? புதிதாக வருபவர் கெட்டிக்காரியாக இருக்கலாம். ஆனால் ஐந்து வரை எண்ணும் உங்கள் குரல் எங்களுக்கு வேண்டும். நீங்கள் நீடு வாழ வேண்டும் என்று நாம் வேண்டுவது உங்களுக்காக மட்டுமல்ல என்று வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். கொட்டாஞ்சேனை மாதாவும் வெள்ளவத்தைப் பிள்ளையாரும் உங்கள் முழங்காலையும் முதுகையும் கண்ணையும் காக்கட்டும்! நூறு வயதிலும் நீங்களே உங்கள் தலையைச் சீவுங்கள்!

இம்மடலில் இரண்டு பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்று உங்கள் வீட்டுக்கு. மற்றது, இன்று நாம் கூடியிருக்கும் உங்கள் இந்த அறையின் கிழக்குச் சுவருக்கு. ச.தே. என்று எழுதிய கடைசிக் கோட்டுக்கு நேரே ஓர் ஆணி அடித்திருக்கிறோம். அவ்வளவு உயரத்தில் அதை அடிக்க இராஜநாயகம் ஏணி கேட்டார். வாசித்து முடிந்ததும் சரோஜினிதேவி எழுந்து போய், சட்டமிட்ட பிரதியை அந்த வலது கையாலேயே மாட்டுவார். யாரும் உதவிக்குப் போக வேண்டாம் என்று சபையைக் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசி வரியை நாம் வாசிக்கப் போவதில்லை. அது தமிழ்த் தாளின் திருத்திய தலைப்பு வரி. உங்களுக்காக எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறோம். நாம் இவ்வளவு நேரம் உங்களுக்குப் போடாமல் தவிர்த்த சொல், அது இருக்க வேண்டிய இடத்தில், அதில் இருக்கிறது. அவர் கையை உயர்த்தும்போது, எழுந்து நின்று, எழுத்துக் கூட்டியாவது நீங்களே வாசியுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கண்டிப்புக்குப் பயந்தும் உங்கள் பிரிவுக்கு அதைவிடப் பயந்தும் நிற்கும்
வைத்தியசாலை ஊழியர்கள் அனைவரும்

கையை உயர்த்துங்கள். இடையிடையே ஓய்வெடுங்கள்.